எட்டு டப்பா சளி

1. நான்கு நாற்பது

செவ்வாய்க்கிழமை மாலை நான்கு நாற்பதுக்கு எல்லாம் கெட்டுப்போக ஆரம்பித்தது. நேரம் எனக்குச் சரியாகத் தெரியும். அந்த நிமிடம் ஒரு நோயாளியை எடை மிஷினில் நிறுத்தி, எடையை அவருடைய அட்டையில் எழுதிக்கொண்டிருந்தேன். எடைக்குப் பக்கத்தில் நேரத்தையும் எழுதுவது என் பழக்கம். நாற்பத்தாறு கிலோ, நான்கு நாற்பது என்று எழுதிய இடத்திலிருந்து பேனா கோணலாக இழுத்துக்கொண்டு போன கோடு அந்த அட்டையில் இன்னும் இருக்கிறது.

போனில் எங்கள் லேப் டெக்னீஷியன் ஷகிலா. பதினாறு வருடமாக இருவரும் ஒரே மையத்தில் வேலை பார்க்கிறோம். போனை எடுத்தால் “சாப்டீங்களா சார்” என்றுதான் ஆரம்பிப்பார். அன்று அது இல்லை.

“சார், அந்த ஒரிசா பசங்க ரூம் டப்பா எட்டையும் மெஷின்ல போட்டேன். எட்டும் பாசிட்டிவ்.”

“எட்டுமா?”

“எட்டும்.”

நான் அம்பத்தூர் பக்கம் டி.பி. ஹெல்த் விசிட்டர். காசநோய் என்று தெரிந்தவரின் வீட்டுக்குப் போய், மாத்திரை ஒழுங்காக விழுங்குகிறாரா என்று பார்ப்பதும், அவரோடு இருந்தவர்களுக்கு நோய் இருக்கிறதா என்று பரிசோதிக்க வைப்பதும் என் வேலை. இருபத்திரண்டு வருடம் ஆகிறது. ஓர் அறையில் எட்டுப் பேரைப் பரிசோதித்தால் ஒருவருக்கு இருக்கலாம். இரண்டு பேருக்கு இருந்தால் நிமிர்ந்து உட்காருவோம். எட்டுக்கு எட்டு என்று நான் கேள்விப்பட்டதே இல்லை.

ஆனால் அந்த நிமிடம் எனக்கு அந்த எட்டுப் பேரில் ஒருவர் முகம்கூட ஞாபகம் வரவில்லை. ஒன்பதாவது முகம்தான் வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு அதே அறையில் அவர்களோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தவள் என் மகள் ஹரிணி. அவளை அங்கே கூட்டிக்கொண்டு போனது நான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தபடிதான்.

2. மொழி தெரிந்த ஆள்

அந்த அறையில் முன்பு தங்கியிருந்த ஒருவர் ஒடிசாவில் சொந்த ஊருக்குப் போயிருந்தார். அங்கே அவருக்கு டி.பி. என்று தெரிந்து, அந்த ஊர் ஹெல்த் ஆட்கள் எங்களுக்குத் தகவல் அனுப்பினார்கள். கூட இருந்தவர்களைப் பாருங்கள் என்று. வழக்கமாக அறிகுறி இல்லாதவர்களுக்கு எக்ஸ்ரே எடுப்போம். எக்ஸ்ரே வேன் அந்த வாரம் பழுதாகி நின்றுவிட்டது. காத்திருந்தால் இவர்கள் கம்பெனி மாறிப்போவார்கள். அதனால் எட்டுப் பேரிடமும் சளி வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம், பட்டரவாக்கம் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் அந்த லைன் வீடு. முன்பு வயலாக இருந்த இடம். வீட்டுக்காரர் தேவராஜ் அந்தப் பழைய ஊர்க்காரர். அப்பா நெல் போட்ட நிலத்தில் இவர் வரிசையாக ஆறு அறைகள் போட்டிருந்தார். கடைசி அறையில் எட்டு ஒடியாக்காரர்கள். எல்லோருக்கும் இரும்புத் தகடு அடிக்கிற ஒரே பிரஸ் ஷாப்பில் வேலை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு டியூப் லைட், கொடியில் எட்டுத் துண்டுகள். இருந்த ஒரே ஜன்னலையும் ஹாலோ பிளாக் வைத்து அடைத்திருந்தது.

எனக்கு இந்தி வராது. என் மனைவி சுமதிக்கு ஆவடியில் பாதுகாப்புத் துறை தொழிற்சாலை ஒன்றில் வேலை. சேக்காட்டில் சொந்த வீடு கட்டும்வரை குவார்ட்டர்ஸில் இருந்தோம். அங்கே இருந்த பள்ளியில் படித்ததால் ஹரிணிக்கு இந்தி தண்ணீர்பட்ட பாடு. ஞாயிற்றுக்கிழமை, கல்லூரியும் இல்லை. ஒரு மணி நேரம் வாயேன் என்றேன். மாஸ்க் கொடுத்துத்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

போன ஐந்தாவது நிமிடம் மாஸ்க் தாடைக்குக் கீழே வந்துவிட்டது. வாய் தெரிந்தால்தான் அவர்களுக்குப் புரிகிறது என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடம் எல்லோருக்கும் மாஸ்க் பாடம் எடுத்தவன், மகள் இவ்வளவு அழகாக வேலை செய்கிறாளே என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

சளி எப்படித் துப்ப வேண்டும் என்று நான் சொன்னதை அவள் நடித்தே காட்டினாள். காலையில் எழுந்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். மூச்சை இழுத்துப் பிடித்து அடியிலிருந்து இரும வேண்டும். எச்சில் கூடாது, நுரை கூடாது. அவர்களில் தமிழ் கொஞ்சம் தெரிந்தவன் பிகாஷ். அவன் கேட்டான், இருமலே இல்லாதவனுக்குச் சளி எங்கிருந்து வரும் என்று. நியாயமான கேள்வி. ஹரிணி விளையாட்டாக, டப்பாவில் எச்சில் மட்டும் இருந்தால் எங்கப்பாவுக்குப் பெரிய சாரிடம் திட்டு விழும் என்று இந்தியில் சொல்லிவிட்டு, எனக்கும் தமிழில் சொன்னாள். நானும் அதற்கேற்ப முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டேன். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த எட்டுப் பேரும் சட்டென்று சிரிப்பை நிறுத்தி என்னையே பார்த்தார்கள்.

அப்புறம் சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள். அவர்களுக்குச் சமைப்பவர் திபாகர். எட்டுப் பேரில் மூத்தவர், முப்பத்தைந்து வயது இருக்கும், அதிகம் பேசாதவர். பருப்பையும் காயையும் ஒன்றாக வேகவைத்து டால்மா என்று ஒன்று செய்திருந்தார். ஹரிணி இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்முறையைப் போனில் எழுதிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்கு நான் போனபோது பிகாஷ் லைன் வீட்டு கேட்டருகே நின்றான். கையில் ரஸ்க் அட்டைப்பெட்டி. உள்ளே பெயர் எழுதிய எட்டு டப்பாக்கள். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். எட்டும் முதல் தரமான சளி. சாதாரணமாக எட்டு டப்பா வாங்கினால் ஐந்தில் வெறும் எச்சில்தான் இருக்கும். எனக்கு அவ்வளவு பெருமை. லேபில் ஷகிலாவிடம் கொடுக்கும்போது, “பாருங்க, எல்லாம் என் பொண்ணு ட்ரெயினிங்” என்று வேறு சொன்னேன்.

3. ஒரே ஆள்

நான்கு நாற்பதுக்குப் பிறகு நான் முதலில் செய்தது தவறு. லேபுக்குப் போகாமல் ஹரிணிக்குப் போன் செய்தேன். கல்லூரி பஸ்ஸில் இருந்தாள். பேச ஆரம்பித்ததும் இருமினாள்.

“ஏன் இருமற?”

“கடலை தின்னேன், புரை ஏறிடுச்சு ப்பா.”

“எத்தனை நாளா?”

“எத்தனை நாளா புரை ஏறும்? இப்பதான். என்ன ஆச்சு உங்களுக்கு?”

சொன்னேன். ஆபீஸ் விஷயத்தை வீட்டில் சொல்லக்கூடாது என்பது விதி. ஆனால் அவளும் அந்த அறையில் இருந்தவள். அவளுக்குச் சொல்ல வேண்டியது என் கடமை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள், எட்டுப் பேருக்குமா, பாவம் ப்பா என்றாள். அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் வண்டியை எடுத்துக்கொண்டு லேபுக்குக் கிளம்பினேன்.

ஒன்று சொல்ல வேண்டும். டி.பி. சாப்பாட்டால் வராது, தட்டால் வராது, பக்கத்தில் ஒருநாள் உட்கார்ந்தால் உடனே தொற்றிவிடுவதும் இல்லை. மூடிய அறையில் நாள் கணக்கில் ஒரே காற்றைச் சுவாசித்தால்தான் ஆபத்து. இதை எத்தனையோ அம்மாக்களுக்கு, அப்பாக்களுக்குப் பொறுமையாக விளக்கியிருக்கிறேன். பயப்படாதீங்க என்பேன். அவர்கள் தலையாட்டுவார்கள். அவர்கள் காதில் ஒன்றுமே விழுந்திருக்காது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வண்டி ஓட்டும்போது என் கண்முன் இருந்தது அவள் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட அந்தத் தட்டுதான்.

லேபில் ஷகிலா மீதிச் சளியை வைத்திருந்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் எட்டு டப்பாக்களையும் வரிசையாக நிறுத்தியிருந்தார்.

“முதல்ல மெஷின் மேல சந்தேகம் வந்துச்சு சார். நடுவுல வேற நாலு பேரோடத போட்டேன். நாலும் நெகட்டிவ். மெஷின் நல்லாத்தான் இருக்கு. அப்புறம்தான் டப்பாவப் பாத்தேன். நீங்களும் பாருங்க.”

பார்த்தேன். எட்டிலும் அதே மஞ்சள். அதே கெட்டி. மெஷின் கொடுத்த அளவும் எட்டுக்கும் ஒன்றுபோல ‘மீடியம்’.

“ஒரே ரூம்ல இருக்கறவங்க, ஒரே மாதிரி வந்திருக்கலாம் இல்ல?” என்றேன்.

“அண்ணன் தம்பின்னாக்கூட மூக்கு முழி மாறும் சார். இது ஒரே ஆளு.” கையுறையைக் கழற்றிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். “எட்டு டப்பால ஒரு டப்பாலகூட எச்சில் இல்ல. உங்க பொண்ணு ட்ரெயினிங்னு சொன்னீங்க. நானும் நம்பிட்டேன். நம்ம ரெண்டு பேருக்கும் இது தெரிஞ்சிருக்க வேணாமா?”

தெரிந்திருக்க வேண்டும். உடம்பு நன்றாக இருப்பவனிடமிருந்து நல்ல சளி வராது. இது இந்த வேலையின் அரிச்சுவடி. பெருமை கண்ணை மறைத்துவிட்டது.

பாரம் இறங்கியது உண்மை. எட்டு என்பது ஒன்றாகிவிட்டது. அடுத்த நொடியே வேறொன்று ஏறிக்கொண்டது. அந்த ஒன்று யார்? ஹரிணி யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்?

4. ஜன்னல் இல்லாத அறையின் முற்றம்

ஆறரைக்கு அங்கே போனேன். கேட்டருகே எனக்கு முன்னால் ஹரிணி நின்றுகொண்டிருந்தாள். மாஸ்க் மேல் மாஸ்க், இரண்டு. கல்லூரிப் பை தோளில். பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்திருக்கிறாள். கோபமாக, வீட்டுக்குப் போ என்றேன்.

“போறேன். நீங்க அவங்ககிட்ட எந்த மொழியில கேப்பீங்க?”

உள்ளே வரக்கூடாது, வெட்டவெளியில்தான் நிற்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

அதற்குள் தேவராஜ் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். “இன்னா சார், மூணு நாளா வந்துகினே கீற? பசங்களுக்கு இன்னா கோளாறு? எதுனா ஒட்டுவாரொட்டியா?”

ஒருவர் நோயை இன்னொருவரிடம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. மெடிக்கல் கேம்ப் என்றேன். அவர் நம்பவில்லை. அப்படி ஏதாவது இருந்தால் இப்பவே ஊட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவேன் என்று சத்தமாகச் சொன்னார். உங்களுக்கும் ஒரு டப்பா தரட்டுமா என்று பையைத் திறந்தேன். மூன்றடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

எட்டுப் பேரும் முற்றத்தில் வந்து உட்கார்ந்தார்கள். திபாகர் மட்டும் ஓர் ஓரமாக, செங்கல் அடுப்பருகே, உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தார். தேவராஜுக்குக் கேட்காத குரலில், எட்டு டப்பாவும் ஒரே ஆளுடையது என்று எங்களுக்குத் தெரியும் என்று ஹரிணி சொன்னாள். யாரும் மறுக்கவில்லை. பிகாஷ் தலையைச் சொறிந்தான். பிறகு அவளிடம் பேசாமல், நேராக என்னிடம் தமிழில் பேசினான்.

“சார், ஏழு ஆளுக்கு சளி வரல. காலையில நாலு மணிக்கு எழுந்து பார்த்தாச்சு. இருமி இருமி பார்த்தாச்சு. எச்சில்தான் வருது. தீதி, உன் பொண்ணு, சொல்லுச்சு, எச்சில் குடுத்தா அப்பாவுக்குத் திட்டு. நீ நல்ல ஆளு. எங்ககூட கீழ உக்காந்து சாப்பிட்ட. இங்க யாரும் உக்காராது. எங்களால உனக்கு எதுக்குத் திட்டு? ஒரு ஆளுக்கு நிறைய வருது. எல்லா டப்பாவும் அது குடுத்துச்சு.”

நான் ஹரிணியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். இரண்டு மாஸ்க்குக்கு மேலே கண் கலங்கியிருந்தது. கொஞ்ச நேரத்தில் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் கிட்டே போனால், சிரிக்கிறாள். எனக்கும் வந்துவிட்டது. இரண்டு மணி நேரமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது அந்தச் சிரிப்போடுதான் இளகியது.

ஆனால் அந்த ஒருவர் யார் என்று மட்டும் அவர்கள் சொல்லவில்லை. மாத்திரை இலவசம், இரண்டு மூன்று வாரத்தில் பிறருக்குப் பரவுவது நின்றுவிடும், யாரையும் ஊருக்கு அனுப்பச் சொல்ல மாட்டோம், கம்பெனியில் நாங்கள் பேர் சொல்ல மாட்டோம் என்று ஹரிணி மூலமாகத் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஏழு பேரும் கேட்டுக்கொண்டார்கள். ஏழு பேரும் வாயைத் திறக்கவில்லை. முன்பு அந்த அறையில் இருந்தவர் இருமியதற்காகத்தான் வேலையை விட்டு அனுப்பப்பட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மிரட்டிக் கேட்கக்கூடாது என்று முடிவு செய்தேன். நாளைக் காலை ஐந்தே முக்காலுக்கு வருகிறேன், எட்டுப் பேரும் என் கண்ணெதிரே, வெட்டவெளியில், தள்ளித் தள்ளி நின்று துப்ப வேண்டும். எச்சில் வந்தால் எச்சிலே போதும், எனக்குத் திட்டே விழாது என்றேன்.

திரும்பும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்த ஹரிணி சொன்னாள். “எல்லாரும் எல்லாப் பக்கமும் பாத்தாங்க ப்பா. அடுப்பு பக்கம் மட்டும் ஒருத்தர்கூடப் பாக்கல.”

வீட்டில் சுமதியிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. கொசு வருகிறது என்று வருடக்கணக்காகச் சாயங்காலம் ஐந்தரைக்கே எல்லா ஜன்னலையும் சாத்துகிறவள், எழுந்துபோய் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டு வந்தாள். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

5. ஏழு பேர் துப்பிய காலை

மறுநாள் ஐந்தே முக்காலுக்கு வெளிச்சம் வந்திருந்தது. ஹரிணியும் வந்திருந்தாள், அதைப் பற்றி வீட்டில் யாரும் விவாதிக்கவில்லை. மதில் ஓரமாக ஆளுக்கு இரண்டு கை தூரம் விட்டு நிற்க வைத்தேன். எண்ணினேன். ஏழு பேர். திபாகர் இல்லை. கடைக்குப் போயிருக்கிறார் என்றான் பிகாஷ், என் முகத்தைப் பார்க்காமல்.

சரி, இவர்களை முடிப்போம் என்று ஆரம்பித்தேன். என் வேலை நாட்களில் அதுபோன்ற காட்சியை நான் பார்த்ததில்லை. ஏழு பேரும் ஆளைத் தூக்கிப்போடும் சத்தத்தோடு இருமுகிறார்கள். ஒருவன் மதிலைப் பிடித்துக்கொண்டு இருமுகிறான். ஒருவன் உட்கார்ந்து எழுந்து பார்க்கிறான். டப்பாவைத் தூக்கிப் பார்த்தால் பன்னீர் தெளித்ததுபோல நாலு சொட்டு எச்சில். சத்தம் கேட்டு வந்த தேவராஜுக்குப் பொறுக்கவில்லை.

“இன்னாப்பா இது, குருவி மாரி துப்பினு கீறீங்க? அடி வவுத்துலேர்ந்து இஸ்துப் புடி. இப்டி.” அவரே செய்து காட்டினார். பழைய டீசல் பம்ப் செட் ஸ்டார்ட் ஆவதுபோல ஒரு சத்தம். அவருக்கும் வரவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். வராத சளிக்காக நான் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. ஏழு டப்பா எச்சில். மூடியைத் திருகி ஒவ்வொன்றாகப் பெட்டியில் வைத்தேன். எட்டாவது டப்பா மதில்மேல் காலியாக இருந்தது. ‘திபாகர்’ என்று என் கையெழுத்து.

கடைக்குப் போனவர் ஆறரை ஆகியும் வரவில்லை. கடைசியில் பிகாஷ் ஹரிணியிடம் சொல்லிவிட்டான். விடிவதற்கு முன்பே பையை எடுத்துக்கொண்டு சென்ட்ரலுக்குப் போய்விட்டாராம். காலை வண்டியில் ஊருக்கு. தன்னால் மற்ற ஏழு பேருக்கும் வீடும் வேலையும் போய்விடக்கூடாது என்று சொன்னாராம்.

மாத்திரை இல்லாமல், சளியில் கிருமியோடு, ஒன்றரை நாள் ரயில் பெட்டியில். அதன் பிறகு எந்த ஊர், எந்த வீடு, அந்த வீட்டில் யார் யார் குழந்தைகள்? முதல் நாள் மாலையிலிருந்து என் மகள் ஒருத்தியை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு அப்போதுதான் அந்த மனிதர் முழுதாகக் கண்ணில் தெரிந்தார்.

பிகாஷ் போன் போட்டான். மூன்றாவது தடவை எடுத்தார். மாத்திரை, இலவசம், ஆறு மாதம் என்று நான் சொன்னதையெல்லாம் ஹரிணி ஒழுங்காகச் சொல்லிப் பார்த்தாள். அந்தப் பக்கம் ஸ்டேஷன் அறிவிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. போனைக் கையால் மூடிக்கொண்டு, என்ன சொல்றது ப்பா என்றாள். அவளாக வேறு ஏதோ பேசினாள், இரண்டே வாக்கியம். போனை பிகாஷிடம் கொடுத்தாள்.

என்ன சொன்னாய் என்றேன்.

“எட்டு டப்பால ஏழுதான் இருக்கு. எங்கப்பாவுக்கு இன்னிக்கு நிஜமாவே திட்டு விழப்போகுதுன்னு சொன்னேன்.”

“அதுக்கு?”

“கட் பண்ணிட்டார்.”

நாங்கள் மதிலோரமாகவே நின்றோம். பிரஸ் ஷாப் வண்டி வந்தது. ஏழு பேரில் ஒருவரும் அசையவில்லை. பட்டரவாக்கத்தில் ஒரு எலெக்ட்ரிக் ட்ரெயின் நின்று போனது, இன்னொன்று நின்று போனது. மூன்றாவது போய்ப் பத்து நிமிடம் கழித்துத் தெரு முனையில் தோளில் பையோடு திபாகர் வந்தார். மதில்மேல் இருந்த டப்பாவை எடுத்துக்கொண்டு, எங்கள் எல்லோரிடமிருந்தும் விலகி வேப்பமரத்தடி வரைக்கும் போனார். ஒரே இருமல். கொண்டுவந்து கொடுத்தார். அந்த டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

6. பிறகு

பாசிட்டிவ் அது ஒன்றுதான். வேன் சரியானதும் ஏழு பேருக்கும் எக்ஸ்ரே எடுத்தோம். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. ஹரிணிக்கு வேனுக்குக் காத்திராமல் அந்தப் புதன்கிழமையே ஆஸ்பத்திரியில் எடுத்தேன். படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டி டாக்டர் “க்ளியர்” என்றார். இன்னொரு தடவை பாருங்கள் சார் என்றேன். பார்த்தார். எட்டு வாரம் கழித்துச் செய்த பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை. ஆனாலும் இன்றைக்கும் பக்கத்து அறையில் அவள் இருமினால் கையில் இருப்பதை வைத்துவிட்டுக் காது கொடுக்கிறேன். அடுத்த இருமல் வருகிறதா என்று எண்ணுகிறேன். அது போகவில்லை. போகாது என்றே நினைக்கிறேன்.

ஜன்னலைத் திறக்கச் சொல்லி தேவராஜிடம் பத்து நாள் நடந்தேன். கடுகெண்ணெய் வாசனை வருகிறது என்று பக்கத்து வீட்டு அம்மா சண்டை போட்டதால் அடைத்ததாம். “தொறந்தா அந்தம்மா என்னத் தூக்கினு பூடும் சார்.” கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே கடப்பாரையோடு வந்தார். நோய் விஷயம் அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த ஏழு பேர் துப்பியதைப் பார்த்ததிலிருந்து மனசு கேட்கவில்லை என்றார். பிளாக் விழுந்ததும் உள்ளே வெயில் வந்தது. முதல் தடவையாக அந்த அறையின் சுவர் என்ன நிறம் என்று எல்லோருக்கும் தெரிந்தது. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அன்றிலிருந்து வாரம் ஒரு கிண்ணம் டால்மா போகிறது. சண்டை இல்லை.

திபாகர் ஒருநாள்கூட மாத்திரை தவறவிடவில்லை. மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும் என்று சொல்ல மறந்துவிட்டேன். இரண்டாம் நாள் காலை எட்டுப் பேரும் பதறிக்கொண்டு போன் செய்தார்கள். அது என் பிழை, நீங்கள் மறக்காதீர்கள். மாதத்துக்கு ஒருமுறை எடை மிஷினில் அவரை நிறுத்தும்போது ஏழு பேரும் சுற்றி நின்று முள்ளைப் பார்ப்பார்கள். ஒன்பது கிலோ ஏறினார். ஹரிணி அவர்களுக்கு முற்றத்தில் உட்கார்ந்து தமிழ் சொல்லிக்கொடுத்தாள், வெட்டவெளியில் மட்டும். அந்த நிபந்தனை சுமதியுடையது.

நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். எல்லா டப்பாவும் நன்றாக இருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்படுங்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள் பொய் சொல்கிறார்கள், ஒத்துழைக்க மாட்டார்கள் என்று உங்களுக்கு முதல் நாளே யாராவது சொல்லுவார்கள். அவர்கள் அளவுக்கு மீறியும் ஒத்துழைப்பார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நீங்கள் பாவமாக முகத்தை வைத்துக்கொண்டால் அதை அவர்கள் நிஜமாகவே எடுத்துக்கொள்வார்கள். அதனால் அவர்கள் முன்னால் முகத்தை ஜாக்கிரதையாக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், மாஸ்க் தாடைக்கு இறங்கினால் அது உங்கள் மகளாகவே இருந்தாலும் உடனே சொல்லுங்கள்.

ஆறு மாதம் முடிந்த வாரம் கடைசிச் சளிப் பரிசோதனை. அதற்கு முந்தின நாள் டப்பா கொடுத்திருந்தேன். காலை ஒன்பதரைக்கு லேப் வாசலில் ஷகிலாவோடு பேசிக்கொண்டிருந்தேன். கம்பெனிக்கு அன்று விடுமுறை. எட்டுப் பேரும் தெருவை அடைத்துக்கொண்டு வந்தார்கள். ஏழு பேர் கேட்டிலேயே நின்றுகொண்டு ஒருவரையொருவர் இடித்துக்கொண்டிருந்தார்கள். திபாகர் மட்டும் உள்ளே வந்து இரண்டு கையாலும் டப்பாவை நீட்டினார். அடியில் நாலு சொட்டு எச்சில், பன்னீர்போலத் தெளிவாக. நான்கு மணிக்கே எழுந்து இருமிப் பார்த்திருக்கிறார் என்று முகம் சொன்னது. ஹரிணி சொல்லிக்கொடுத்த தமிழில், மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக என்னிடம் கேட்டார்.

“வரல சார். திட்டு விழுமா?”